‘இயல்பமைப்பு’ நடத்தும் வகுப்பு: இணையவழிப் பாடநெறிகள் எங்கே தடம் மாறுகின்றன?

மூடுல் (Moodle) என்ற கற்றல் மேலாண்மைத் தளத்தில் ஒரு தேர்வை உருவாக்கி, கேள்விகளைச் சேர்த்து, வேறெந்த அமைப்பையும் தொடாமல் சேமித்துப் பாருங்கள். தள நிர்வாகி மாற்றி வைத்திருந்தாலொழிய, அந்தத் தேர்வை ஒரு மாணவர் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஒவ்வொரு முறை முடித்ததும் சரியான விடைகள் திரையில் வந்து நிற்கும். எழுதியவற்றில் உயர்ந்த மதிப்பெண் எதுவோ அதுவே கணக்கில் ஏறும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்: முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு எதையாவது தட்டி, விடைகளைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை நூற்றுக்கு நூறு வாங்கலாம். பயிற்சித் தேர்வுக்கு இந்த ஏற்பாடு அருமை. சான்றிதழுக்கான தேர்வுக்கோ கேலிக்கூத்து. ஆசிரியர் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, மென்பொருளே தேர்ந்தெடுத்துவிட்டது.

இணையப் பாடநெறிகளில் கோணிப்போவதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கருவி பழுதாகி வகுப்பு கெடுவது குறைவு. கருவி ஒழுங்காக, தன் இயல்பமைப்புப்படியே (நாம் மாற்றாதவரை மென்பொருள் தானாக வைத்திருக்கும் அமைப்பு) ஓடி வகுப்பைக் கெடுப்பது அதிகம். ஸ்லைடு மென்பொருளைத் திறந்தால் தலைப்பும் அதன்கீழ் புள்ளிப் பட்டியலும் தயாராக நிற்கும், பாடம் பட்டியலாகிவிடும். வீடியோ கூட்டச் செயலி ஒருவர் பேச மற்றவர் கேட்பதற்கென்றே அமைந்தது, வகுப்பு சொற்பொழிவாகிவிடும். கற்றல் மேலாண்மைத் தளத்தில் கோப்பை இழுத்துப் போடுவதுதான் மிக எளிது; பாடநெறி கோப்புக் கிடங்காகிவிடும். ஆகவே எந்தக் கருவி சிறந்தது என்று தேடுவதைவிட, கையிலுள்ள கருவி நமக்காக எதையெல்லாம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை.

திரைக்கு முன்னால் தாள்

முடிவுகளை நாம் எடுக்க வேண்டுமென்றால் தளத்தில் நுழையுமுன் எடுக்க வேண்டும். ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட ஒரு விரிதாள் போதும்: மாணவர் எதைச் செய்யக் கற்பார், அதை எப்படிச் செய்து காட்டுவார், அதற்கு முன் எங்கே பழகுவார், பழக எந்தப் பொருள் வேண்டும், எத்தனை நிமிடம். இடமிருந்து வலமாகவே நிரப்ப வேண்டும். பெரும்பாலோர் நான்காம் பத்தியில், அதாவது கையிருப்பிலுள்ள ஸ்லைடுகளில் தொடங்குகிறார்கள். அப்போது தேர்வு, ஸ்லைடில் இருப்பதைத் திருப்பிக் கேட்பதாகச் சுருங்கிவிடுகிறது.

முதல் பத்தியில் ‘புரிந்துகொள்வார்’, ‘அறிந்திருப்பார்’ என்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். தரவைச் சுத்தம் செய்வது பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். ‘தரவுத் தூய்மையின் அவசியத்தைப் புரிந்துகொள்வார்’ என்பதற்கு மதிப்பெண் போட வழியில்லை. ‘500 வரிகள் கொண்ட பட்டியலில் இரட்டிப்பு வரிகளைக் கண்டு நீக்கி, ஒவ்வொன்றையும் ஏன் நீக்கினார் என்று எழுதுவார்’ என்று எழுதினால் இரண்டாம் பத்தி தானாக நிரம்பும்: அந்தப் பட்டியலைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். பலவுள் தெரிவுக் கேள்வி இங்கே பொருந்தாது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கடைசிப் பத்தியை யாரும் நேர்மையாக நிரப்புவதில்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்தைப் பத்து வாரத்தில் நடத்தினால் வாரத்துக்கு ஏழரை முதல் ஒன்பது மணி நேரம் வருகிறது. நிறைய இருப்பதுபோல் தோன்றும். 40 நிமிட வீடியோவை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, குறிப்பெடுத்துப் பார்க்க 70 நிமிடம் ஆகும். வாசிப்புக்கு 45, பயிற்சிக்கு 90, விவாத மன்றத்துக்கு 40, ஒப்படைப்புக்கு மூன்று மணி நேரம். கூட்டினால் ஏழு மணி நேரம் தாண்டிவிட்டது. இதன்மேல் ‘விருப்பமுள்ளோர் பார்க்கலாம்’ என்று நான்கு இணைப்புகளைச் சேர்ப்பவர் அந்த வாரத்தை உடைத்துவிடுகிறார். எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்தறிய மாணவரிடம் அளவுகோல் கிடையாது. எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே மாதிரிப் படக்குறியோடு திரையில் நிற்கின்றன.

வீடியோ: ஒலிதான் முதல்

எட்எக்ஸ் என்ற இணையப் பாடநெறித் தளத்தைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு ஒன்று 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசியது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை (மீடியன்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்பது அதன் புகழ்பெற்ற முடிவு. அதைப் படித்துவிட்டு, ஒரு மணி நேர வகுப்புப் பதிவைப் பத்துத் துண்டாக வெட்டிப் பதிவேற்றுபவர்கள் உண்டு. வகுப்பறைச் சொற்பொழிவை வெட்டி எடுத்த துண்டுகள், குறுவீடியோவாகவே திட்டமிட்டு எடுத்தவற்றுக்கு ஈடாகவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது; அந்தப் பக்கத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும் வீடியோ முடிய வேண்டும். அது நான்கு நிமிடமாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம்.

முழு வசனத்தையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்ச் சொற்கள் விகுதியேறி நீண்டவை என்பதால் ஆங்கிலத்துக்குச் சொல்லும் ‘நிமிடத்துக்கு 150 சொல்’ கணக்கு இங்கே உதவாது. நிதானமாக விளக்கும்போது 90 முதல் 110 சொற்கள். ஆறு நிமிடத்துக்கு ஏறக்குறைய 600.

படம் சற்று மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும் மாணவர், ஒலி எதிரொலித்தால் மூடிவிட்டுப் போய்விடுவார். மைக் வாயிலிருந்து ஒரு சாண், அதாவது 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ‘ப’கர வெடிப்பு குறையும். வெறுஞ்சுவர் அறை எதிரொலிக்கும், துணி தொங்கும் அறை உறிஞ்சிக்கொள்ளும். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 முதல் மைனஸ் 12 டெசிபலுக்குள் நிற்கும்படி வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் மூன்று விநாடி பேசாமல் இருங்கள். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் இரைச்சலை நீக்க அந்த மௌனமே மாதிரி.

அடுத்தது, காரணம் புரியாமல் பலர் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கோளாறு: தொகுத்த வீடியோவில் உதடும் குரலும் போகப்போக விலகிப்போவது. கைபேசிகளும் சில திரைப்பதிவுச் செயலிகளும் விநாடிக்கு இத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்று நிலையாகப் பதிவதில்லை; சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கின்றன. தொகுப்பு மென்பொருளோ நிலையான வேகத்தை எதிர்பார்க்கிறது. தொகுக்கும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற மாற்றியில் விநாடிக்கு 30 சட்டகம் என்று நிலைப்படுத்திவிட்டால் தீர்ந்தது. ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிபவர்கள் சாதாரண எம்பி4 வடிவத்தில் நேரடியாகப் பதியக்கூடாது. நடுவில் கணினி அணைந்தால் கோப்பு முழுதும் திறக்க முடியாமல் போகும். எம்கேவியில் பதிந்து, முடிந்ததும் எம்பி4 ஆக மாற்றுவது பாதுகாப்பு. மாற்றும் வசதி அதே மென்பொருளின் கோப்புப் பட்டியிலேயே இருக்கிறது.

பார்ப்பவர்களில் பாதிப்பேர் கைபேசியில் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே திரையைப் பதிய வேண்டும். 1920க்கு 1080 திரையை அப்படியே பதிந்தால் பட்டிகளிலுள்ள எழுத்து எறும்பு வரிசையாகத் தெரியும். 150 விழுக்காடு பெரிதாக்கிக்கொண்டு பதியுங்கள். ஸ்லைடில் 24 புள்ளிக்குக் குறைந்த எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்குமான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது சாதாரண அளவு எழுத்துக்கு இணைய அணுகல் நெறிமுறை வைக்கும் விதி. வெளிர்சாம்பல் எழுத்து அழகாக இருக்கலாம், வெயிலில் நின்று படிப்பவருக்கு அது இல்லாத எழுத்து. ஸ்லைடில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே வாசித்துக் காட்டுவதும் வீண். கண் வேகமாகப் படித்துவிட்டுக் காதுக்காகக் காத்திருக்கும். கவனம் இரண்டிலும் ஒட்டாது. திரையில் படமும் குரலில் விளக்கமும் இருக்கட்டும். (வசனவரி வேறு விஷயம். அது வேண்டுபவர் இயக்கிக்கொள்வது. கட்டாயம் இருக்க வேண்டும். தானியங்கி வசனவரி துறைச் சொற்களைக் கண்டபடி எழுதும் என்பதால் கையால் திருத்தாமல் வெளியிடக்கூடாது.)

கோப்பின் எடையைக் கணக்குப் போட்டே பாருங்கள். விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் பதிந்த வீடியோ நிமிடத்துக்கு 7.5 எம்பி, ஆறு நிமிடம் 45 எம்பி. அதே ஆறு நிமிடத்தின் ஒலி மட்டும், 64 கிலோபிட்டில், 3 எம்பிக்கும் குறைவு. ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் ஒலிக்கோப்பும் ஸ்லைடுகளின் பிடிஎஃப்பும் இருந்தால், இணைப்பு மெலிந்தவரும் பாடத்தைத் தவறவிட மாட்டார். வீடியோவைக் கற்றல் தளத்துக்குள்ளேயே ஏற்றுவதும் தவறு. பிஎச்பி என்ற நிரல்மொழியில் இயங்கும் தளங்களில் கோப்பின் உச்ச அளவு தொடக்கத்தில் 2 எம்பிதான். பாடநெறி அமைப்பில் 100 என்று இருந்தாலும், தள அமைப்பு, சேவையக அமைப்பு ஆகியவற்றில் எது சிறியதோ அதுவே செல்லும். ஆசிரியர் பாடநெறி அமைப்பை மட்டும் மாற்றி மாற்றிச் சோர்ந்துபோவார். ஏறிவிட்டாலும், இணைய வேகத்துக்கேற்பத் தரத்தைக் குறைத்துக் கொடுக்கும் வசதி அங்கே கிடையாது, காப்புப்பிரதியும் ஊதிப்போகும். வீடியோவுக்கென உள்ள சேவையில் ஏற்றி, தளத்துப் பக்கத்தில் அதை உட்பொதிப்பதே முறை.

வீடியோவில் தேதி, வார எண், ‘போன பாடத்தில் பார்த்தோமே’ எதுவும் வேண்டாம். பாடங்களின் வரிசை மாறும் நாளில் அவை எல்லாவற்றையும் மறுபடி எடுக்க நேரும். தேதியெல்லாம் தளத்துப் பக்கத்தில் எழுத்தாக இருக்கட்டும்.

தேர்வும் அதன் அமைப்புப் பக்கமும்

நான்கு விருப்பங்கள் இருந்தால்தான் பலவுள் தெரிவு என்பது பழக்கம், அவ்வளவுதான். எண்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2005இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பெரும்பாலான கேள்விகளுக்கு மூன்று விருப்பங்களே போதும் என்று காட்டியது. நான்காவது பெரும்பாலும் யாரும் தொடாத, இடத்தை நிரப்பும் விடை. அதை யோசிக்கும் நேரத்தில், மற்ற இரு தவறான விடைகளுக்கும் ‘இதை ஏன் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், எங்கே வழுக்கியது’ என்று இரண்டு வரி பின்னூட்டம் எழுதினால் தேர்வே பாடமாகிவிடும். ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விருப்பத்தை மறந்தும் வைக்காதீர்கள். விருப்பங்களைக் கலைத்துக் காட்டும் அமைப்பு பெரும்பாலும் இயக்கத்திலேயே இருக்கும். ‘மேற்கண்ட அனைத்தும்’ முதலாவதாக வந்து நிற்கும்.

கேள்வி வங்கியில் 40 கேள்வி வைத்து ஒவ்வொருவருக்கும் 10 எடுத்துக் கொடுப்பது காப்பியடிப்பதைக் குறைக்கும். ஆனால் 40உம் ஒரே கடினத்தில் இருந்தால்தான் நியாயம். இல்லையேல் ஒருவருக்கு எளிதான பத்தும் இன்னொருவருக்குக் கடினமான பத்தும் விழும். ஒரு கற்றல் நோக்கத்துக்கு ஒரு பிரிவு என்று சிறுசிறு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டிரண்டு எடுக்கச் சொல்வது சரி.

தேர்வு முடிந்ததும் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறப்பவர் குறைவு. அங்கே ‘பிரித்தறியும் குறியீடு’ என்றொரு எண் உண்டு. மொத்தத்தில் நன்றாக எழுதியவர்கள் இந்தக் கேள்வியையும் சரியாக எழுதினார்களா என்பதை அது சொல்கிறது. ஒரு கேள்விக்கு அது எதிர்மறையாக இருந்தால், நன்றாகப் படித்தவர்கள் தவறவிட்டு, படிக்காதவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அநேகமாக விடைக்குறிப்பைத் தவறாகக் குறித்திருப்பீர்கள், அல்லது கேள்விக்கு இரண்டு பொருள் இருக்கும். பத்துப் பதினைந்து பேர் எழுதிய தேர்வில் இந்த எண்ணை நம்ப வேண்டாம்.

சொல்லைத் தட்டச்சு செய்து விடையளிக்கும் கேள்விகளில் தமிழுக்கென்றே தனிப் பொறி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றைச் சமப்படுத்தத் தெரியாத மென்பொருளுக்கு வெவ்வேறு. வல்லினம் மிகுதல், சொல் பிரிப்பு, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறி ஆகியவையும் சரியான விடையைத் தவறாக்கும். தானாகத் திருத்தும் தேர்வில் பொருத்துக, எண்விடை, தெரிவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் தளத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

நேரக் கட்டுப்பாட்டிலும் வழுக்கல் உண்டு. எல்லாரும் சரியாகப் பத்து மணிக்குத் தொடங்கினால் சேவையகம் திணறும். 24 மணி நேரத்துக்குத் திறந்து வைத்து, தொடங்கியவருக்கு 40 நிமிடம் என்று வைப்பது வழக்கம். அப்போதும், மூடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு நுழைந்தவருக்கு அந்தப் பத்து நிமிடமே கிடைக்கும். இதை முன்கூட்டியே எழுதி அறிவிக்காவிட்டால் முறையீடு வரும். கெடுவை ‘வெள்ளி நள்ளிரவு 12’ என்று குறித்தால் அது எந்த நள்ளிரவு என்று பாதிப்பேருக்குக் குழப்பம். ‘வெள்ளி இரவு 11:59’ என்றால் சந்தேகமில்லை.

‘முடித்தார்’ என்று எப்போது சொல்வது

பல தளங்களில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாலே ‘முடிந்தது’ என்று பச்சைக் குறி விழும்படி வைக்கலாம். எளிது என்பதால் அதையே வைத்துவிடுகிறார்கள். பிறகு பார்த்தால் எல்லாரும் எல்லாவற்றையும் முடித்திருப்பார்கள்; ஒப்படைப்பு மட்டும் வந்திருக்காது. முடிவின் அடையாளம் செய்கையாக இருக்கட்டும்: ஒரு பதிவு, ஒரு கோப்பு, ஒரு மதிப்பெண்.

பாடத்தொகுப்பை ஸ்கார்ம் (வெவ்வேறு கற்றல் தளங்களில் ஓடுவதற்கான பொது வடிவம்) வடிவில் இறக்குமதி செய்பவர்களுக்கு வேறு தலைவலி. 2001இல் வந்த ஸ்கார்ம் 1.2 இன்றும் பரவலாகப் புழங்குகிறது. மாணவர் எங்கே விட்டார் என்பதை நினைவில் வைக்க அது ஒதுக்கியிருப்பது 4,096 எழுத்துக்குறிகள் மட்டுமே. நீளமான பாடத்தில் அது நிரம்பிவிடும். மறுநாள் திறந்தால் பாதியில் விட்ட இடம் காணாமல் போயிருக்கும். பாடத்தை 15 முதல் 20 நிமிடப் பகுதிகளாகப் பிரித்தால் இந்தத் தொல்லை வருவதில்லை. ‘முடிந்தது’ என்ற தகவலைக் கடைசி ஸ்லைடில் வெளியேறும்போது அனுப்பும்படியும் வைக்கக்கூடாது. மாணவர் வெளியேறு பொத்தானை அழுத்துவதில்லை, உலாவித் தாவலை மூடிவிடுகிறார்; தகவல் போய்ச் சேர்வதில்லை. கடைசிக்கு முந்திய ஸ்லைடிலேயே அனுப்பிவிட வேண்டும். ஊடாடும் பயிற்சிகளை உருவாக்கும் எச்5பி என்ற கருவியிலும் இந்தத் தொல்லைக்கு ஒரு தம்பி உண்டு: விட்ட இடத்தைச் சேமிக்கும் அமைப்பு பல நிறுவல்களில் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும்.

நேரலையும் மன்றமும்

நேரலை வகுப்பைக் கேள்விக்கும் செய்கைக்கும் வைத்துக்கொண்டு, விளக்கத்தை வீடியோவுக்கு விட்டுவிடலாம். ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் தொடர்ந்து பேசுவது பத்து நிமிடத்துக்கு மேல் போனால் அதைப் பதிந்தே கொடுத்திருக்கலாம். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பதினைந்து எண்ணுங்கள்: யோசிக்க, மைக்கைத் திறக்க, ஒலி வந்து சேர அவ்வளவு ஆகும். அரட்டைப் பெட்டியில் விடை எழுதச் சொல்லி, ‘நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்’ என்றால் முதலில் வந்த விடையை மற்றவர்கள் நகலெடுக்க முடியாது.

குழு அறைகளுக்கு அனுப்பும்போது நடக்கும் தவறு ஒன்றே. செய்ய வேண்டியதைத் திரையில் காட்டிவிட்டு அறைகளைத் திறக்கிறார்கள். அறைக்குள் போனதும் அந்தத் திரை மறைந்துவிடும். ‘என்ன செய்யச் சொன்னார்?’ என்பதிலேயே மூன்று நிமிடம் கழியும். பணிக்குறிப்பைப் பகிர்ந்த ஆவணத்தில் எழுதி, இணைப்பை முதலில் கொடுத்து, எல்லாரும் திறந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். அறைக்கு நான்கு பேர், பத்து நிமிடம், அந்த ஆவணத்தில் குழுவுக்கு ஒரு பக்கம். ஆசிரியர் அறை அறையாக ஏற வேண்டியதில்லை. எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அங்கே போனால் போதும்.

விவாத மன்றத்தில் ‘இதன் நன்மைகள் யாவை?’ என்று கேட்டால் ஒரே விடை நாற்பது முறை வரும். ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு பொருள் இருக்கும்படி கேட்க வேண்டும்; அவரவர் எடுத்த தரவு, அவரவர் செய்த பிழை. தன் விடையைப் பதிந்த பிறகே மற்றவர்களுடையது தெரியும் மன்ற வகை மூடுலில் உண்டு. அதோடு எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிட்டால் படிக்கும் அளவுக்குள் நிற்கும்.

செயற்கை நுண்ணறிவு எழுதிய ஒப்படைப்பைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி மதிப்பெண்ணைக் கழிப்பது ஆபத்து. ஓபன்ஏஐ தானே வெளியிட்ட கண்டறிகருவி, அந்நிறுவனம் கொடுத்த கணக்கின்படியே, இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் தலையில் கட்டியது. துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். ஒப்படைப்போடு முதல் வரைவையும், ‘இந்த முடிவுக்கு ஏன் வந்தேன்’ என்று மூன்று நிமிட ஒலிப்பதிவையும் கேட்டு வாங்குவது எந்தக் கண்டறிகருவியையும்விட அதிகம் சொல்லும்.

திறப்பதற்கு முந்திய வாரம்

‘மாணவராகப் பார்’ என்ற பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் திறந்துவிடாதீர்கள். அது உரிமைகளை மட்டுமே மாற்றிக் காட்டுகிறது. குழுச் சேர்க்கை, ‘இதை முடித்தால் அது திறக்கும்’ என்ற நிபந்தனைகள், மதிப்பெண் பதிவு ஆகியவற்றை உண்மையான மாணவருக்கு நடப்பதுபோல் காட்டாது. தனி மின்னஞ்சலில் ஒரு போலி மாணவர் கணக்கு தொடங்கி, கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, முதல் வாரத்தை முழுதாக எழுதிப் பாருங்கள். பிறகு பாடநெறியைப் பார்த்தே இராத இருவரை உட்கார வைத்து ஐந்து வேலை கொடுங்கள்: முதல் ஒப்படைப்பின் கெடு என்ன, வீடியோ ஓடாவிட்டால் எங்கே கேட்பது, போன தேர்வின் பின்னூட்டம் எங்கே, கோப்பை ஏற்றுங்கள், ஏற்றியதை மாற்றுங்கள். உதவி செய்யாமல், அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இருவரும் தயங்கினால் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு, மூன்றாவதாக வேறொருவரைக் கொண்டு மறுபடி பார்க்க வேண்டும்.